2020-ஐ எங்கே வைத்தீர்கள்? ரொறன்ரோ புளூ ஜேஸ் நிர்வாகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். ஸ்காபரோவில் இருக்கிறேன், லொறி ஓட்டுகிறேன். வாரத்தில் மூன்று நான்கு தடவை எல்லை தாண்டி நியூயோர்க் மாநிலத்துக்குச் சாமான் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவதுதான் வேலை. உங்களுக்கு வருகிற கடிதங்களில் டிக்கெட் விலை, பியர் விலை, யாரை விற்றீர்கள், யாரை வாங்காமல் விட்டீர்கள் என்பவைதான் நிறைய இருக்கும். நான் எழுதுவது உங்கள் பேஸ்போல் அணியின் 2020-ஐப் பற்றி, கொரோனாவால் சொந்த ஊரை விட்டு எல்லைக்கு அந்தப்பக்கம் பஃபலோவில் விளையாடவேண்டி வந்த சீசனைப் பற்றி.

இவ்வளவு காலம் கழித்து ஏன் என்றால், 2025 நவம்பர் 1 இரவுதான் காரணம். கிண்ணத்துக்கான இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம், பதினோராவது இன்னிங்ஸ், நாங்கள் ஒரு ரன் பின்னால். விளாடிமிர் கெரேரோ ஜூனியர் மூன்றாம் பேஸில், ரன்னுக்கு ஒரு படி தள்ளி, நிற்கிறார். அலெஹான்ட்ரோ கர்க் மட்டையோடு வருகிறார். அடித்த அடியில் மட்டை முறிந்து, பந்து எதிரணியான டொட்ஜர்ஸின் மூக்கி பெட்ஸ் பக்கம் உருண்டு, இரண்டு பேர் ஒரேயடியாக ஆட்டமிழந்தார்கள், கிண்ணம் போனது. எங்கள் வீட்டில் ஒருத்தரும் எழும்பவில்லை. டீவியை நிறுத்தவும் ஒருத்தருக்கும் கை வரவில்லை.

அடுத்த சில நாட்கள் எங்கே பார்த்தாலும் பழைய கதை ஓடியது. 1992, 1993 கிண்ணங்கள். அப்புறம் 2015, 2016. அதற்குப் பிறகு ஒரே மூச்சில் "2020, 2022, 2023: மூன்று முறை பிளேஒஃப் (சீசன் முடிந்து கிண்ணத்துக்காக நடக்கிற சுற்று) போய் ஒரு ஆட்டம்கூட வெல்லாமல் திரும்பினார்கள்" என்று சொல்லிவிட்டு நேரே 2025. கணக்குப் பிழையில்லை. மூன்று தடவையும் இரண்டுக்குப் பூச்சியம்தான். ஆனால் 2020-ஐத் தூக்கி மற்ற இரண்டோடும் ஒரே மூட்டையில் கட்டியது எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கடைசிப் பந்தை அடித்த கர்க் உங்கள் உடையை முதன்முதலில் எங்கே போட்டார் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. 2020 செப்டம்பர் 12, மெட்ஸ் அணிக்கு எதிராக, பஃபலோவில். இருக்கைகளில் ஒரு மனிதர்கூட இல்லை.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். மடல் திறந்தது என்பதால், அந்தக் கோடையில் பேஸ்போலை நினைக்க நேரமில்லாமல் இருந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

மார்ச் 12-ம் திகதி பயிற்சி ஆட்டங்களை நிறுத்தினார்கள். மார்ச் 26-ல் தொடங்கவேண்டிய சீசன் ஜூலை 23-ல்தான் தொடங்கியது. 162 ஆட்டம் 60 ஆகச் சுருங்கியது. நோய் மட்டும் காரணமில்லை. அணி உரிமையாளர்களும் வீரர் சங்கமும் சம்பளத்தை வைத்து மே, ஜூன் முழுக்க இழுபட்டார்கள். கடைசியில் லீக் ஆணையாளர் ரொப் மன்ஃப்ரெட் அறுபது என்று தானே முடிவு செய்தார். விளையாடிய ஆட்டங்களுக்கு மட்டுமே சம்பளம், அதாவது நூற்றுக்கு 37 பங்கு. கோடிக்கணக்கில் வாங்குபவர்களுக்காக நான் அழப்போவதில்லை. கீழ்நிலை லீகுகளில் வாரம் 400 டொலர் உதவித்தொகையில் இருந்த பையன்களுக்கு அந்த வருடம் சீசனே இல்லை என்று ஜூன் 30-ல் அறிவித்தார்கள். பஃபலோ மைதானம் காலியாக இருந்ததற்குக் காரணமும் அதுதான். அங்கே விளையாடவேண்டிய பைசன்ஸ், அதாவது உங்கள் கீழ்நிலை அணியின் வீரர்கள் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள்.

ஜூலையில் நீங்கள் ரொறன்ரோவில் உங்கள் சொந்த மைதானமான ரொஜர்ஸ் சென்டரில் பயிற்சி செய்தீர்கள். மைதானத்தோடு ஒட்டிய ஹோட்டலில் வீரர்களை வைத்திருந்தீர்கள். அறை, மைதானம், திரும்ப அறை. வெளியே கால் வைத்தால் 750,000 டொலர் வரை அபராதம், சிறைகூட வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். அப்படி இருந்தும் ஜூலை 18-ல் மத்திய அரசு ரொறன்ரோவில் ஆட்டங்களை நடத்த முடியாது என்றது. முதல் ஆட்டத்துக்கு ஆறே நாள். பிட்ஸ்பர்க் என்றார்கள், 22-ம் திகதி பென்சில்வேனியா மாநிலம் கையை விரித்தது. பால்டிமோர் என்று ஒரு பேச்சு ஓடியது. 24-ம் திகதி பஃபலோ என்று அறிவித்தீர்கள். அன்றைக்குத்தான் சென் பீட்டர்ஸ்பர்க்கில் ரேஸ் அணியோடு முதல் ஆட்டம். களத்தில் இறங்குகிற நாளில்தான் சொந்த மைதானம் எது என்று தெரிந்தது. அன்று 6-4 என்று வென்றீர்கள்.

அரசாங்கத்தின் மீது எனக்கு அப்போது கோபம் இருந்தது. வெளிப்படையாகச் சொல்கிறேன், நான் எல்லை கடக்கலாம். லொறிக்காரருக்குப் பதினான்கு நாள் தனிமைப்படுத்தல் இல்லை, சாமான் போய்ச் சேரவேண்டும். ஹொக்கிக்காரருக்கும் அனுமதி கிடைத்தது. ஓகஸ்ட் 1-லிருந்து உங்கள் மைதானத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஹொக்கி நடந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் என்ன என்று தோன்றியது. பிறகு யோசித்தால், ஹொக்கி அணிகள் ஒருமுறை வந்து உள்ளேயே இருந்துவிட்டன. பேஸ்போலில் புளோரிடாவுக்கும் ரொறன்ரோவுக்கும் வாராவாரம் போய் வரவேண்டும். சீசன் தொடங்கி நாலு நாளில் மயாமி மார்லின்ஸ் அணியில் பத்துப் பேருக்கு மேல் தொற்று வந்ததும் என் கோபம் அடங்கியது. அரசு சொன்னது சரி. இழப்பு உங்களுக்கு என்பதும் சரி. இரண்டும் ஒன்றுக்கொன்று குறுக்கே நிற்கவில்லை.

பஃபலோ தயாராகும் வரைக்கும் நீங்கள் இருந்த கோலத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வாஷிங்டனில் நஷனல்ஸின் மைதானத்தில் முதல் இரண்டு நாள் விருந்தாளி. அடுத்த இரண்டு நாள் அதே இடத்தில் நீங்கள்தான் சொந்தக்காரர், கடைசியாக மட்டை பிடிக்கிறது நீங்கள். அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் நின்று "வாங்கோ, இருங்கோ" என்று அவரையே வரவேற்பதுபோல. ஜூலை 29 அன்று நேட் பியர்சன் என்ற இளம் பந்துவீச்சாளர் முதல்முறையாக வந்து ஐந்து இன்னிங்ஸ் ஒரு ரன்னும் கொடுக்காமல் வீசினார். எதிரே மக்ஸ் ஷேர்சர். பத்தாவது இன்னிங்ஸில் 4-0 என்று தோற்றீர்கள். அதே ஷேர்சர், நாற்பத்தொரு வயதில், 2025-ல் உங்கள் உடை போட்டு ஏழாவது ஆட்டத்தைத் தொடங்கினார். இந்த விளையாட்டில் இப்படியான முடிச்சுகள் நிறைய. அதனால்தான் விடமுடியாமல் இருக்கிறேன்.

இனி ஓகஸ்ட் 11-க்கு, பஃபலோவில் நடந்த முதல் ஆட்டத்துக்கு வருகிறேன்.

பஃபலோவுக்குப் போகிற எல்லைப் பாலமான பீஸ் பாலத்தைக் கோடையில் பார்த்தவர்களுக்குத் தெரியும், கார்கள் மூச்சுமுட்ட நிற்கும். எங்கள் சனம் சாமான் வாங்கப் போகிற வரிசையும் அதில்தான். அந்த வருடம் கார்ப் பாதைகள் வெறிச்சோடிக் கிடந்தன. லொறிகள் மட்டும். முகக்கவசத்தைக் கீழே இறக்கி முகத்தைக் காட்டு, என்ன ஏற்றியிருக்கிறாய், போ. பாலம் இறங்கி 190 நெடுஞ்சாலையில் தெற்கே போனால் கொஞ்ச நேரத்தில் நகரத்துக்குப் பக்கத்தால் அந்தச் சாலை உயர்ந்து போகும். அங்கேதான் அந்தப் பஃபலோ மைதானம், சேலன் ஃபீல்ட். வருடக்கணக்காகத் தாண்டிப் போகிற இடம், ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அன்று பின்னேரம் விளக்குகள் எரிந்தன. பகல் வெளிச்சம் இன்னும் இருந்தது, ஆனாலும் அந்த வெள்ளை தனியாகத் தெரிந்தது. பக்கத்தில் ஒரு வாகன நிறுத்தக் கட்டடத்தின் மேல்தளத்தில் நாலைந்து பேர் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நெடுஞ்சாலையில் லொறியை நிறுத்தமுடியாது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்தேன், பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். அவ்வளவுதான் நான் நேரில் பார்த்த பிக் லீக் ஆட்டம் அந்த வருடம்.

மிச்சத்தை ரேடியோவில் கேட்டேன். ரொறன்ரோவின் 590 ஏ.எம். பஃபலோவில் நன்றாக எடுக்கும். பஃபலோவுக்குப் பக்கத்துச் சீக்டவாகாவில் ஒரு கிடங்கு. பெயர் வேண்டாம். சாமான் இறக்க மூன்று மணி நேரம். சாரதிகள் உள்ளே வரக்கூடாது, கடதாசிகளை ஒரு ஓட்டையால் நீட்டவேண்டும், கழிப்பறையும் கிடையாது. அந்த மாதங்களில் எங்களில் பலர் பட்ட பாடு அது. ஆறாவது இன்னிங்ஸில் உங்கள் போ பிஷெட் பந்தை வேலிக்கு வெளியே அடித்து மூன்று ரன் ஹோம் ரன் எடுத்தபோது நான் அந்த ஓட்டைக்கு முன்னால் நிற்கிறேன், கதவைத் திறந்துவைத்த லொறியிலிருந்து சத்தம் வருகிறது. உள்ளே இருந்த பெண் "ஜேஸா?" என்று கேட்டார். ஓம் என்றேன். "எங்கள் மைதானம்" என்றார். அவ்வளவு பெருமையாக. அவராலும் உள்ளே போகமுடியாது என்பது ஒரு பொருட்டாகவே இல்லை.

ஒன்பதாவது இன்னிங்ஸ் 4-1. முடிந்தது என்று நினைத்தேன். மார்லின்ஸின் செர்வெல்லி ஒரு ஹோம் ரன்னில் மூன்று ரன் எடுத்துச் சமமாக்கினார். ஆமாம், மார்லின்ஸ்தான். யாருக்கு நோய் வந்து அட்டவணை குழம்பியதோ, அவர்கள்தான் பஃபலோவுக்கு வந்த முதல் விருந்தாளி. பத்தாவது இன்னிங்ஸில் அந்தப் புதுச் சட்டம், இரண்டாம் பேஸில் ஓடுவதற்கு ஒருவரைச் சும்மா நிறுத்திவைத்துவிட்டுத் தொடங்குவது. எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. அவசரத்துக்கு என்று கொண்டுவந்தார்கள், நிரந்தரமாக்கிவிட்டார்கள். வாடகைக்கு வந்தவன் வீட்டையே எழுதி வாங்கின மாதிரி. எப்படியோ, டிரவிஸ் ஷோ அடித்த அடியில் 5-4. லொறிக்குள் தனியாக இருந்து கத்தினேன். அடுத்த லொறியில் இருந்த சர்தார்ஜி கண்ணாடியை இறக்கி என்ன நடந்தது என்று பயந்து கேட்டார்.

பதினெட்டு நாள். ஜூலை 24-லிருந்து ஓகஸ்ட் 11 வரைக்கும் எண்ணிப் பாருங்கள். 1988-ல் திறந்த, கீழ்நிலை லீகுக்காக இருந்த ஒரு மைதானம். 1915-க்குப் பிறகு அந்த ஊரில் பெரிய லீக் ஆட்டம் நடந்ததில்லை. பதினெட்டு நாளில் விளக்கைக் கூட்டினார்கள், தரையைச் சரிசெய்தார்கள், உடை மாற்றக் கூடாரம் அடித்தார்கள், ஒருவருக்கொருவர் எட்ட நிற்க இடம் பிரித்தார்கள். யார் செய்தது? மின்சாரக்காரர், புல் வெட்டுகிறவர், தச்சர், கழுவித் துடைக்கிறவர். நோய் பரவிக்கொண்டிருந்த காலம். அவர்கள் பெயர் எந்த ஸ்கோர் அட்டையிலும் இல்லை. ஒரு மேடை போடவே எங்கள் கோயில் நிர்வாகம் மூன்று கூட்டம் வைக்கும். எனக்குத் தெரியும், பதினெட்டு நாள் என்றால் என்ன என்று.

அந்த மைதானத்தில் நடந்தவற்றை எல்லாம் எழுதினால் கடிதம் முடியாது. இரண்டாம் நாளே மார்லின்ஸ் 8-0 என்று முன்னால் போக, நீங்கள் ஏழு ஹோம் ரன் அடித்து எட்டிப் பிடித்து, பிறகு 14-11 என்று தோற்றீர்கள். செப்டம்பர் 7, யாங்கீஸுக்கு எதிராக ஆறாவது இன்னிங்ஸில் மட்டும் பத்து ரன். ஒரு வாரம் கழித்து நியூயோர்க்கில் அவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள், 20-6. அதைப் பற்றி நான் அதிகம் பேசவிரும்பவில்லை. செப்டம்பர் 24, திரும்பவும் பஃபலோ, திரும்பவும் யாங்கீஸ். உங்கள் பந்துவீச்சாளர் ஹியூன் ஜின் ரியூ ஏழு இன்னிங்ஸ் ஒரு ரன் கொடுக்கவில்லை, 4-1. 2016-க்குப் பிறகு முதல்முறை பிளேஒஃப். அதற்கு முந்தின வருடம் 67 வெற்றி, 95 தோல்வி என்று இருந்த அணி. வீரர்கள் கட்டிப்பிடித்துக் குதிக்கும்போது சுற்றிலும் இருந்தது காலி நாற்காலிகளும் ஒலிபெருக்கியில் ஓடிய பொய்க் கைதட்டலும்.

என் மைத்துனர் இந்த இடத்தில் எப்போதும் குறுக்கே வருவார். "மச்சான், 32-28. அந்த வருடம் பதினாறு அணியை உள்ளே எடுத்தார்கள், நீங்கள் எட்டாவது. மற்ற வருடமென்றால் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள்." இருக்கட்டும். நான் கிண்ணம் கேட்கவில்லை. ஆனால் 2025-ல் நம்மைத் தோற்கடித்த டொட்ஜர்ஸும் 2020-ல் அதே அறுபது ஆட்டச் சீசனில்தான் கிண்ணம் எடுத்தார்கள். அதை அரைக் கிண்ணம் என்று அவர்கள் அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைக்கவில்லையே. உங்களை வெளியேற்றிய ரேஸ், அந்த வருடம் உலகத் தொடர் வரைக்கும் போன அணி. 3-1, பிறகு 8-2. ரியூவே இரண்டாவது இன்னிங்ஸோடு போய்விட்டார். சீசனைத் தொடங்கிய அதே மைதானத்தில் முடிந்தது. 2022-ல் சியாட்டிலுக்கு எதிராக 8-1 என்று முன்னிலையில் இருந்துவிட்டுக் கோட்டைவிட்டதோடு இதைச் சேர்த்து எண்ணுகிறவர்களை என்ன சொல்வது?

2020-ல் கெரேரோவுக்கு 21 வயது. மூன்றாம் பேஸிலிருந்து முதலாம் பேஸுக்கு மாற்றப்பட்டு, புது இடத்தில் தட்டுத்தடுமாறிக் கொண்டிருந்தார். பிஷெட்டுக்கு 22, முழங்கால் காயத்தோடு ஒரு மாதம் வெளியே இருந்தார். கர்க் கீழ்நிலை லீகுகளின் இடைப்பட்ட படிகளை எல்லாம் தாண்டிக்கொண்டு நேரே வந்து இறங்கினார். 2025-ன் ஏழாவது ஆட்டத்தில் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தது பிஷெட், பதினோராவதைத் தொடங்கி வைத்த அடி கெரேரோவுடையது, கடைசி அடி கர்க்குடையது. நாற்பதாயிரத்துக்கு மேல் சனம் எழும்பி நிற்க அவர்கள் ஆடினார்கள். ஆனால் அவர்கள் ஒன்றாகத் தோற்கவும் வெல்லவும் பழகிய கோடை, ஒருத்தரும் பார்க்காத கோடை.

2021-ஐயும் விடக்கூடாது. புளோரிடாவின் டனீடினில் தொடங்கி, ஜூனில் பஃபலோவுக்கு வந்து, ஜூலை 30-ல்தான் ரொறன்ரோ திரும்பினீர்கள். 670 நாள். நீங்கள் திரும்ப வரக்கூடும் என்று இடத்தை விட்டுக்கொடுத்த பைசன்ஸ் அணி நியூஜெர்சியின் டிரென்டனில் போய் விளையாடியது. எங்களுக்கு இடம் இல்லை என்று வந்தோம், வந்த இடத்தில் இருந்தவர்களைக் கிளப்பினோம். இதை வாசிக்கிற எங்கள் ஆட்கள் பலருக்கு இந்த வரிசை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். அதற்குள் நான் போகவில்லை. நியாயத்துக்குச் சொன்னால், அந்த வருடம் பஃபலோக்காரரை உள்ளே விட்டீர்கள், அவர்களும் யாங்கீஸ் வந்தபோது யாங்கீஸுக்குத்தான் கைதட்டினார்கள். அது நியூயோர்க் மாநிலம், வேறென்ன எதிர்பார்ப்பது.

சரி, நான் கேட்க வந்தது.

ஓகஸ்டில் ரொறன்ரோவில் நடக்கிற ஏதாவது ஒரு ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதினெட்டு நாளில் சேலன் ஃபீல்டில் வேலை செய்தவர்களைக் கூப்பிடுங்கள். மேலாளர்களை விடுங்கள், கம்பி இழுத்தவரையும் புல் வெட்டியவரையும் கூப்பிடுங்கள். பட்டியல் உங்களிடமோ பைசன்ஸிடமோ இருக்கும். முதல் பந்தை அவர்களில் ஒருவர் வீசட்டும். நடிகர்களும் வங்கி முதலாளிகளும் வீசிப் பார்த்தாகிவிட்டது. பெரிய திரையில் 2020-ன் அறுபது முடிவுகளையும் ஒருமுறை ஓடவிடுங்கள், 20-6 உட்பட. கர்க் பிடிக்கட்டும் அந்தப் பந்தை. அவர் முதன்முதலில் நின்ற மண்ணைப் போட்டுக்கொடுத்தவர் யார் என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

மைதானத்தைச் சுற்றி வரும்போது 1992, 1993 என்று பெரிதாகத் தெரிகிறது, சந்தோஷம். 2020-க்கு என்று ஒன்றும் என் கண்ணில் படவில்லை. ஒரு சின்னத் தகடு போதும். "சொந்த மைதானம்: பஃபலோ" என்று எழுதினால் கீழே விளக்கம்கூடத் தேவையில்லை. பிள்ளைகள் ஏன் என்று கேட்பார்கள், பெரியவர்கள் சொல்லிக் கொள்வார்கள்.

செலவு என்று பார்த்தால் ஒரு பஸ், நூறு டிக்கெட், சாப்பாடு. நான் கூட்டிவருகிறேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் என் லொறியில் ஆள் ஏற்ற அனுமதி இல்லை. பஸ் பிடித்தால் வெள்ளிக்கிழமை பின்னேரத்தில் மட்டும் பாலத்துக்கு வரச் சொல்லாதீர்கள். இப்போது திரும்பவும் வரிசை நீளம்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு லொறிக்காரன்